பஞ்சு போட்ட பானை

ராஜபாளையம் பார்வையற்றோர் சங்கத்தில் யாரிடமாவது மாரிக்கனி என்று பெயரைச் சொல்லிப் பாருங்கள். "யாரு, அந்தச் சட்டக்காரியா?" என்பார்கள். சிலர் சிரித்துக்கொண்டு சொல்வார்கள், சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்கள். ரெண்டும் அவள் காதுக்கு வராமல் இருக்குமா? வரும். அவள் அதற்கெல்லாம் அசருகிற ஆள் கிடையாது.

பிறந்தது சுந்தரபாண்டியத்தில். நடை பழகி வாய் பேச ஆரம்பித்த பிராயத்தில் அம்மை போட்டு ரெண்டு கண்ணும் போய்விட்டது. மதுரையில் விடுதிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். அங்கே பிரெய்ல் படித்தாள், சண்டை போடவும் படித்தாள். இப்போது ராஜபாளையம் பக்கம் ஒரு பேண்டேஜ் பட்டறையில் வேலை. ஆஸ்பத்திரிக்குப் போகிற துணியைச் சுருட்டிச் சுருட்டி உருளையாக்கி அடுக்கவேண்டும். கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய் பாட்டுக்குப் பேசும்.

புருஷன் சோலைராஜ் வாலிப வயதில் மில்லில் வேலை பார்க்கும்போது கண்ணில் அடிபட்டுப் பார்வை இழந்தவர். பிரெய்ல் தெரியாது. பேனா, ஊதுபத்தி, கடலைமிட்டாய் என்று ஒரு மேசை போட்டு விற்கிறார். அந்த மேசை நிற்கிற இடம் யாருடையது என்பதில்தான் இந்தக் கதையே இருக்கிறது. அது சங்கத் தலைவர் கௌதம்ராஜின் இரும்புக் கடை வாசல். வாடகை கிடையாது. "நம்ம ஆளு, இருந்துட்டுப் போகட்டும்" என்று தலைவர் கொடுத்த இடம்.

கௌதம்ராஜைக் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒரு கண்ணில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் தெரியும் அவருக்கு. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், எந்த ஆபீசுக்குப் போனாலும் அதட்டல். பஸ் பாஸ் வாங்கித் தருவது, ஊன்றுகோல் வாங்கித் தருவது, ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புவது எல்லாம் அவர்தான். சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து அவர்தான் தலைவர். எதிர்த்து நிற்க யாருக்கும் தோன்றியதே இல்லை. தோன்றினாலும் எப்படி நிற்பது? அங்கே ஓட்டுப் போடுகிற முறை அப்படி.

கண் தெரியாதவர்கள் கூட்டத்தில் கை தூக்கினால் யார் எண்ணுவது? அதனால் ஒவ்வொருவராகப் பேரைச் சொல்லி, "சம்மதம்" அல்லது "சம்மதமில்லை" என்று சத்தமாகச் சொல்லவேண்டும். யார் குரல் என்று எல்லோருக்கும் தெரியும். தும்மினாலே ஆளைச் சொல்லிவிடுகிற கூட்டம் அது!

ஒருமுறை மாரிக்கனி ஒரு யோசனை சொன்னாள். வத்திராயிருப்பு, கூமாப்பட்டிப் பக்கத்து ஆட்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் ஒரே பஸ்தான். அங்கிருந்து ராஜபாளையத்துக்கு இன்னொரு பஸ் மாறி, இறங்கித் தடவித் தட்டுத் தடுமாறி வரவேண்டியிருக்கிறது. அதனால் ஒரு மாசம் இங்கே, ஒரு மாசம் ஸ்ரீவில்லிபுத்தூரில் என்று கூட்டத்தை மாற்றி மாற்றி வைக்கலாமே என்றாள். கேட்டவர்கள் எல்லோரும் முந்தின நாள் வரை போனில் "நல்ல யோசனைக்கா" என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "கடையைப் போட்டுட்டு நான் எங்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் அலைய? சரே, ஓட்டுக்கு விடுவோம்" என்றார்.

அந்தச் செருமல் போதாதா? வரிசையாக "சம்மதமில்லை, சம்மதமில்லை" என்று விழுந்தது. சோலைராஜ் முறை வந்தது. அவர் மாரிக்கனி பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். ரெண்டு தரம் மூச்சு இழுத்தார். பொறவு, "சோலைராஜ். சம்மதமில்லை" என்றார்.

கூட்டத்தில் யாரோ "ச்சு" கொட்டினார்கள். மாரிக்கனிக்கு முகமெல்லாம் எரிந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் சோலைராஜ், "கனி, கடை…" என்று ஆரம்பித்தார். "தெரியும், விடுங்க" என்றாள். புருஷன் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. ஒரு மனுஷனைச் சோற்றுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நிற்கவைத்து, ஊர் கேட்க வாயைத் திறக்கச் சொல்கிற அந்த முறை மேல்தான் கோபம். அதை உடைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள்.

வாய்ப்பும் தானாக வந்து வாசலில் நின்றது. சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் கட்ட சர்க்காரிடம் இடம் கேட்கலாம் என்றால், சங்கம் பதிவாகியிருக்கவேண்டும் என்றார்கள். பதிவு செய்யவேண்டும் என்றால் சட்டதிட்டம் எழுதவேண்டும். எழுத ஒரு குழு போட்டார்கள். தலைவர் ஒருத்தர். கச்சேரிகளில் டோலக் வாசிக்கிற பாண்டி ஒருத்தன். "பொம்பளை ஒண்ணு வேணுமாமே" என்று மாரிக்கனியையும் சேர்த்தார்கள். சும்மா பேருக்கு உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. ஆளைத் தெரியாமல் சேர்த்துவிட்டார்கள்!

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் ஜெயசித்ரா எழுதிக் கொடுக்க ஒப்புக்கொண்டாள். சின்ன வயசுப் பெண், பார்வை உள்ளவள், பொறுமைசாலி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஆபீசில் குழு கூடும். அவள் ஒவ்வொரு விதியாக வாசிப்பாள். தலைவர் "சரே, மேல போம்மா" என்பார். மாரிக்கனி "நில்லுங்க" என்பாள். உறுப்பினர் யார், நீக்குவது எப்படி, கணக்கை யார் யாரிடம் காட்டவேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மல்லுக்கட்டு.

"ஒரு சங்கத்துக்கு இம்புட்டு சண்டையா?" என்று தலைவர் ஒருநாள் அலுத்துக்கொண்டார்.

ஜெயசித்ரா சிரித்தாள். "நாட்டுக்குச் சட்டம் எழுதினவங்க கிட்டத்தட்ட மூணு வருஷம் உக்காந்து சண்டை போட்டாங்க சார். ஒரு வார்த்தையைச் சேக்கிறதா வேண்டாமான்னு நாள் கணக்கா பேசியிருக்காங்க. நம்ம மெட்ராஸ் மாகாணத்துலேர்ந்து போன பொம்பளைங்களும் அதுல இருந்தாங்க. அதுக்கு முன்னாடி சொத்து உள்ளவன், படிச்சவன்னு பாத்துத்தான் ஓட்டு. எல்லாருக்கும் ஓட்டுன்னு இவங்க எழுதினப்ப, படிக்காத சனம் எப்படிப் போடும்னு கேட்டவங்க நிறைய."

"கேப்பாங்க" என்றாள் மாரிக்கனி. "முடியாதுங்கிறவன் எப்பவும் இருப்பான்."

ஓட்டுப் போடும் விதி வந்ததும் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ரகசிய ஓட்டுன்னு எழுதுங்க."

தலைவர் உண்மையாகவே திகைத்துப்போனார். "ஏமி மாரிக்கனி இது? மறைப்பெல்லாம் கண்ணு உள்ளவங்களுக்கு. நமக்குள்ள என்ன மறைப்பு?"

"காது இருக்குல்ல தலைவரே."

"என்னை நம்பலையா நீ?"

"உங்களை நம்புறேன். உங்க முன்னாடி வாயைத் திறக்கிறவனைத்தான் நம்பமுடியலை. பயந்துட்டுப் பேசுறான்." அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "எலெக்ஷன்ல பூத்துக்குள்ள போறேன். மிஷின்ல பட்டன் பக்கத்துல புள்ளி வச்ச நம்பர் இருக்கு. விரலால தடவிப் பாத்து நானே அமுக்குறேன். நான் யாருக்குப் போட்டேன்னு இந்த நாட்டுல ஒரு ஆளுக்குத் தெரியாது, மந்திரிக்குத் தெரியாது, என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. இம்புட்டுப் பெரிய நாடு எனக்கு அந்த மரியாதை குடுக்குது. நம்ம சங்கத்துல மட்டும் நான் கத்திச் சொல்லணுமா?"

பாண்டி மெதுவாக, "மதினி சொல்றது சரிதான்" என்றான். தலைவர் எழுந்து வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார். "சரே. பொதுக்குழு ஒத்துக்கிட்டா எழுதிக்கங்க" என்றார்.

எப்படிப் போடுவது என்பதுதான் அடுத்த தலைவலி. சீட்டில் எழுதலாம் என்றாள் ஜெயசித்ரா, தானே வாசித்துச் சொல்வதாகவும் சொன்னாள். "அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருமே! எங்க ஓட்டை எங்க விரல்தான் எண்ணணும்" என்று மாரிக்கனி ஒரே போடாகப் போட்டாள். பிரெய்லில் குத்தலாம் என்றால் சங்கத்தில் பாதிப் பேருக்கு அது தெரியாது, சோலைராஜையே எடுத்துக்கொள்ளுங்களேன். யோசித்து யோசித்து அவளே ஒரு வழி கண்டாள். ஆளுக்கு ஒரு புளியமுத்து, ஒரு பருத்தி விதை. புளியமுத்து வழவழ என்றிருக்கும், பருத்தி விதையில் பஞ்சு ஒட்டியிருக்கும். எந்தக் கைக்கும் வித்தியாசம் தெரியும். ரெண்டு மண்பானை. ஒன்று ஓட்டுப் பானை, ஒன்று கழிவுப் பானை. வேண்டியதை முதல் பானையில் போடு, மிச்சத்தை ரெண்டாவதில் போடு, வெறுங்கையோடு வெளியே வா.

பொதுக்குழு ராஜபாளையத்தில் ஒரு மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் கூடியது. ரகசிய ஓட்டு வேண்டுமா என்பதற்கே ரகசியமாக ஓட்டுப் போடுவது என்று ஏற்பாடு. வேண்டும் என்றால் புளியமுத்து, வேண்டாம் என்றால் பருத்தி விதை. பானைகளைச் சுற்றி வேட்டியைக் கட்டி மறைத்திருந்தாள் மாரிக்கனி. முதல் ஆள் போனார். ஓட்டுப் பானையிலிருந்து சத்தம் வந்தது.

"டொக்."

அடுத்த ஆள் போனார். "சொத்."

"ஏ, மொதல்ல புளியமுத்து! ரெண்டாவது பருத்தி!" என்று பாண்டி பின்னாலிருந்து கத்தினான். டோலக்காரன் காது அல்லவா! கூடமே கொல்லென்று சிரித்தது. மூணாவது ஆள் போட்டதும் நாலைந்து பேர் சேர்ந்து "பருத்தி!" என்றார்கள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. ரெண்டாவதாகப் போன பெரியவர் எழுந்து, "தலைவரே, நான் உங்களுக்காகத்தான் பருத்தி போட்டேன்" என்று சத்தமாகச் சொன்னார். முதலில் போனவர் தலையைக் குனிந்திருக்கவேண்டும், அவர் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு போனவர்கள் எல்லோரும் நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படி, பருத்தி விதையையே போட்டார்கள்.

இப்படியொரு கூத்து எங்கேயாவது நடக்குமா? பானைக்கு மறைப்புக் கட்டினாளே, அது கண்ணுக்கு மறைப்பு! அந்தக் கூடத்தில் யாருக்கு அது வேண்டும்? கண் தெரியாதவர்களுக்குச் சட்டம் எழுத வந்தவள், பூத்தில் பார்வை உள்ளவர்கள் மறைத்துக் கட்டுவதைக் கேள்விப்பட்டு அப்படியே கட்டிவிட்டாள்.

"பாத்தீங்களா, வேலைக்கு ஆகாதுன்னு அன்னைக்கே சொன்னேன்" என்றார் தலைவர்.

"இந்த ஓட்டு செல்லாது" என்றாள் மாரிக்கனி எழுந்து நின்று. "சத்தம் கேட்டுருச்சு. அடுத்த கூட்டத்துல திரும்பப் போடணும். அதுக்குள்ள சரி பண்ணிட்டு வாரேன்."

"திரும்பவுமா?" என்று ஏழெட்டுக் குரல்.

"திரும்பவும்தான். அன்னைக்கும் கேட்டா அதுக்கு அடுத்த கூட்டத்துல போடுவோம். எனக்கு வேற சோலி இல்லை."

அந்த வாரம் முழுக்கப் பட்டறையில் அவள் யாரோடும் பேசவில்லை. கூட வேலை பார்க்கிறவர்களே பயந்துபோனார்கள். பானைக்குள் மணல் போட்டுப் பார்த்தாள், விதைகள் மண்ணுக்குள் புதைந்து எண்ணுவதற்குள் உயிர் போனது. துணி போட்டுப் பார்த்தாள், லேசாகச் சத்தம் வந்தது. ஒருநாள் கத்தரிக்கோல் அவள் கையிலிருந்து நழுவியது. கீழே விழுந்தால் சத்தம் கேட்டு எடுத்துவிடுவாள். சத்தமே வரவில்லை. குனிந்து தடவி, தடவி, வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்து, கடைசியில் பக்கத்திலிருந்த பஞ்சுக் கூடைக்குள் கை போனது. உள்ளே கிடந்தது கத்தரிக்கோல். "அட என் ராசாத்தி!" என்று கத்தரிக்கோலையே கொஞ்சினாள்.

முதலாளியிடம் கேட்டு ஒரு பொட்டலம் பஞ்சு வாங்கிக்கொண்டு வந்து ரெண்டு பானையிலும் மெத்தென்று அடைத்தாள். பஞ்சோடு விதை ஒட்டாமல் இருக்க மேலே பேண்டேஜ் துணியை விரித்தாள். பாண்டியை வீட்டுக்கு வரவழைத்துப் பானைக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தாள்.

"சொல்லு, இப்ப என்ன விழுந்துச்சு?"

"போடுங்க மதினி, சொல்றேன்."

"போட்டாச்சுலே."

"போட்டாச்சா?"

திரும்பத் திரும்பப் போட்டாள். பாண்டி பானைக்குள் தலையை விடாத குறை. கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டான். "நம்மால ஆகலை மதினி. என் காதுக்கே தப்பிருச்சுன்னா இந்த ஜில்லாவுல எந்தக் காதுக்கும் கேக்காது."

அடுத்த கூட்டத்தில் கூடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். சத்தமே இல்லை. செருப்புச் சத்தமும் கோல் தட்டும் சத்தமும்தான். பானையைக் கவிழ்த்து மூணு பேர் தடவி எண்ணினார்கள். போன மாசம் பருத்தியாகக் கொட்டிய அதே கூட்டத்தில், புளியமுத்து கை கொள்ளாமல் இருந்தது. ரகசிய ஓட்டு சட்டமாகிவிட்டது.

அதில் இன்னொரு வரியும் சேர்க்கவைத்தாள் மாரிக்கனி. யாருக்குப் போட்டாய் என்று எவரும் கேட்கக்கூடாது, தானாக முன்வந்து சொல்லவும் கூடாது. ஜெயசித்ராவுக்கு அது சரியாகப் படவில்லை. "கேக்கக்கூடாதுங்கிறது சரிக்கா. தானா சொல்றதை ஏன் தடுக்கணும்? நாட்டுச் சட்டத்துலயே அப்படி இல்லையே."

"நாட்டுல கோடிக்கணக்கான பேர் இருக்காங்க. நாங்க ஒரு கூடத்துக்குள்ள அடங்குற ஆளுக. நாலு பேர் எந்திரிச்சு 'தலைவருக்குத்தான் போட்டேன்'னு சொன்னா, சொல்லாதவன் மேல சந்தேகம் வரும்ல? பொறவு எல்லாரும் சொல்லித்தான் தீரணும்னு ஆயிரும். எழுதுங்க." எழுதினாள்.

சங்கம் பதிவாகி முதல் தேர்தல் வந்தது. சட்டத்தை எழுதிவிட்டு அது நடக்குமா என்று பார்க்காமல் இருப்பாளா? தலைவர் பதவிக்கு மாரிக்கனியே நின்றாள். கௌதம்ராஜை எதிர்த்து ஒருத்தர் நிற்பது அதுதான் முதல்முறை. ஊரில் என்னவெல்லாம் பேசினார்கள்! தின்ற சோற்றுக்குத் துரோகம் என்றார்கள், மேசையைத் தூக்கித் தெருவில் போடப்போகிறார் என்றார்கள். சோலைராஜ் வாயே திறக்கவில்லை. காலையில் போய்த் தலைவர் வாசலில் மேசை போட்டார், சாயந்தரம் வந்து பெண்டாட்டி வைத்த குழம்பைச் சாப்பிட்டார். அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது மாரிக்கனிக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் பின்வாங்கவில்லை.

மேற்பார்வைக்கு ஆள் அங்கே இருந்ததால் தேர்தல் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது. ஜெயசித்ராதான் மேற்பார்வை. மாரிக்கனிக்குப் புளியமுத்து, கௌதம்ராஜுக்குப் பருத்தி விதை. எல்லோரும் போட்டு முடித்ததும் பானையைக் கவிழ்த்து மூணு பேர் தனித்தனியாக எண்ணினார்கள். திரும்ப ஒருமுறை எண்ணினார்கள்.

ஒரே ஒரு ஓட்டில் கௌதம்ராஜ் ஜெயித்திருந்தார்.

கைதட்டல் வந்தது. தலைவர் எழுந்து நின்றார், ஆனால் வழக்கமான அதட்டல் குரல் வரவில்லை. "இம்புட்டுப் பேரு… இத்தனை வருஷமா ஒருத்தரும் சொல்லலையே" என்றார். யார் யார் என்று கேட்க அவருக்கு வாய் வரைக்கும் வந்திருக்கும், கேட்கவில்லை. "மேசை எங்க இருக்கோ அங்கேயே இருக்கும் சோலை" என்று மட்டும் சொன்னார். பொறவு, "அடுத்த மாசக் கூட்டமும் இங்கேயே, ஸ்ரீவில்லிபுத்தூர்ல வைப்போம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கூமாப்பட்டிப் பக்கத்து ஆட்கள் விசில் அடித்தார்கள்.

மாரிக்கனி கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் காதோடு சொன்னார்கள். "அக்கா, நான் உங்களுக்குத்தான் போட்டேன்." "மதினி, நம்ம ஓட்டு உங்களுக்குத்தான்." அப்படிச் சொன்ன அம்புட்டுப் பேரும் போட்டிருந்தால் அவள் தலைவருக்கு டெபாசிட்டே இல்லாமல் பண்ணியிருப்பாள்! "ஏலே, சட்டத்தை மீறாதீங்க, வாயை மூடுங்க" என்று அவர்களைச் சிரித்துக்கொண்டே விரட்டினாள். உள்ளுக்குள் ஒரு பக்கம் வலித்தது. ஒரே ஒரு முத்து. ஆனாலும் எவன் பொய் சொல்கிறான் என்று தனக்கே தெரியவில்லை என்பதில் அவளுக்கு அப்படியொரு பெருமை.

பஸ் ஸ்டாண்டில் ராஜபாளையம் பஸ்ஸுக்காக நின்றார்கள். சோலைராஜ் அவள் தோளைப் பிடித்திருந்தார். பக்கத்தில் பால்கோவா விற்கிறவன் கத்திக்கொண்டிருந்தான்.

"கனி" என்றார் சோலைராஜ்.

"ம்."

"ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு அந்தக் கூட்டத்துல சம்மதமில்லைன்னு சொன்னேன்ல. அது இன்னும் தொண்டையிலயே கெடக்கு. இன்னைக்கு நான்…"

மாரிக்கனி சட்டென்று கையை நீட்டி அவர் வாயைப் பொத்தினாள். புருஷன் குரலில் எந்த அசைவும் அவளுக்கு அத்துப்படி. சாப்பிட்டாரா இல்லையா என்பதைக்கூடக் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் இந்தக் குரல் நடுங்கியது சந்தோஷத்திலா, குற்ற உணர்ச்சியிலா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இன்னும் ஒரு வார்த்தை வந்திருந்தால் பிடிபட்டிருக்கும். ஒரே ஒரு ஓட்டு. அது இவருடையதா? தெரிந்துகொள்ளவேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"சொல்லாதீங்க" என்றாள்.

அவர் அவள் கையை மெல்ல விலக்கினார். "நான் உன் புருஷன்ட்டி. என்கிட்டயுமா சட்டம்?"

"உங்களுக்காகத்தானே எழுதினேன்."

அவர் மூக்கை உறிஞ்சினார். பஸ் வந்து நின்று கண்டக்டர் கூப்பிட்டார். படியில் ஏறும்போது, "இதைக் கேக்காம ஆயுசுக்கும் இருந்துருவியா நீ? உன்னால முடியுமா?" என்றார்.

"முடியாதுதான்" என்றாள் மாரிக்கனி. "ஆனா கேக்கமாட்டேன்."